மணலி காத்தா, அம்மா வீட்டு விறகடுப்பா? வயித்துப் பிள்ளைக்கு எது பரவாயில்லை?

செஞ்சிப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இப்போ அஞ்சாவது மாசம், தலைப்பிரசவம். வாக்கப்பட்டது வடசென்னையில தொழிற்சாலைங்க நிறைஞ்ச மணலியில. பொறந்து வளர்ந்தது செஞ்சி பக்கம் ஒரு கிராமம். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்ச கையோட அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா பேச்சு. அதுலதான் இப்போ குழப்பம்.

எங்க நாத்தனார் குடும்ப குரூப்ல ஒரு வீடியோ போட்டாங்க. அம்மா சுவாசிக்கிற புகை, பிளாஸ்டிக், பூச்சிமருந்து எல்லாம் கர்ப்பப்பை வரைக்கும் போகுமாம். பிள்ளை பிறக்கும்போது ஒல்லியா இருந்தாலும் பின்னாடி உடம்பு போட்டு, சின்ன வயசுலயே சுகர் வந்துடுமாம். அன்னையிலிருந்து எங்க மாமியார், "ஏழாம் மாசம் வரைக்கும் ஏன் காத்திருக்கணும், இப்பவே கிளம்பு, அங்க நல்ல காத்து"ன்னு ஒரே பிடியா நிக்கிறாங்க.

இங்க காத்து மோசம்தான், இல்லன்னு சொல்லல. ராத்திரி பத்து மணிக்கு மேல ஏதோ வேகுற மாதிரி ஒரு நாத்தம் வரும். ஜன்னல் கம்பியைத் துடைச்சா துணி கருப்பாயிடும். தெருமுனையில குப்பையைக் கொளுத்திட்டுப் போயிடுவாங்க. ஆனா எங்க அம்மா வீட்டு அடுப்படி எப்படின்னு மாமியாருக்குத் தெரியாது. கேஸ் இருக்கு. டீ போட, விருந்தாளி வந்தா அவசரத்துக்குன்னு மட்டும்தான் பத்த வைப்பாங்க. சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர் எல்லாமே சவுக்கு மிலாறும் முந்திரி விறகும்தான். ஈர விறகு பிடிக்கலன்னா பால் கவரைக் கொளுத்திப் போட்டு ஊதுவாங்க. கூரை முழுக்க ஒட்டடையும் கரியும்.

எங்க அப்பாவுக்கும் அத்தைக்கும் சுகர் உண்டு. டாக்டரம்மாகிட்ட கேட்டேன், "இதெல்லாம் யோசிக்காம இரும்பு மாத்திரையைப் போடுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. ஸ்கேன்ல பிள்ளை எடை சரியா இருக்காம். எடை சரியா இருந்தா கவலைப்பட வேண்டாமா? எந்த வீட்டுல இருக்கட்டும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராயபுரம் ராஜா:

சிஸ்டர், எங்க ஆயா ஏழு பிள்ளை பெத்தாங்க, ஏழும் விறகடுப்புலதான். எல்லாம் கல்லு மாதிரி இருக்காங்க. வாட்ஸாப் பார்க்கிறதை விட்டாலே பாதி வியாதி போயிடும். சந்தோஷமா இருங்க.

கல்லை டீச்சர்:

தங்கச்சி, நான் காலேஜுல உயிர்வேதியியல் எடுக்கிறவ. டாக்டர் இல்ல. சொந்த ஊர் கள்ளக்குறிச்சி பக்கம், அதனால நீங்க சொல்ற அடுப்படியை எனக்கு விளக்க வேண்டாம். கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கங்க.

முதல்ல ராயபுரம் தம்பிக்கு ஒண்ணு. அந்த ஏழு பேர்ல இன்னைக்கு எத்தனை பேர் சுகர் மாத்திரை போடுறாங்கன்னு வீட்டுல கேட்டுட்டு வாங்க. இங்க கேள்வி பிள்ளை பொழைக்குமா இல்லையாங்கிறது இல்ல, நாப்பது வயசுல அதோட கணையமும் கல்லீரலும் எப்படி இருக்கும்ங்கிறது.

அந்த வீடியோ முழுப் பொய் இல்ல. ஆனா உறுதியானதையும் அரைகுறையானதையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டியிருக்காங்க. எல்லாத்துலயும் உறுதியானது புகையிலை. கர்ப்பத்துல சிகரெட் பிடிச்ச அம்மாக்களோட பிள்ளைகள் எடை குறைவா பிறந்து, பள்ளிக்கூட வயசுல மத்த பிள்ளைகளைவிட குண்டாகுறதை நிறைய நாடுகள்ல திரும்பத் திரும்பப் பார்த்திருக்காங்க. வீடியோவுல சொன்ன "ஒல்லியா பிறந்து பின்னாடி உடம்பு போடும்" அங்கிருந்து வந்ததுதான். மத்த நச்சுகளும் அப்படிச் செய்யுமாங்கிற கேள்வியே இதைப் பார்த்துத்தான் வலுவாச்சு.

எப்படிச் செய்யும்? 2006ல அமெரிக்காவுல, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட இர்வைன் வளாகத்துல புரூஸ் பிளம்பெர்க், பெலிக்ஸ் குரூன்னு ரெண்டு பேர் ஒரு வேலை செஞ்சாங்க. கப்பலோட அடிப்பாகத்துல சிப்பி ஒட்டாம இருக்கப் பூசுற பெயின்ட்ல டிரைபியூட்டைல் டின்னு ஒரு வெள்ளீயச் சேர்மம் இருந்தது. அதைச் சினை எலிக்குக் கொடுத்தாங்க. பிறந்த குட்டிகளுக்கு உடம்புல கொழுப்பு கூடுதலா சேர்ந்தது. குட்டிகளுக்குத் தனியா எதையும் கொடுக்கல, தாய் வயித்துல பட்டதோட சரி. காரணம், செல்லோட உட்கருவுல இருக்கிற பிபார் காமாங்கிற ஒரு ஏற்பி. இன்னும் என்னவா ஆகணும்னு முடிவாகாத இளஞ்செல்லை "நீ கொழுப்புச் செல்லா மாறு"ன்னு திருப்பிவிடுற சுவிட்ச் அது. எலும்பா ஆகியிருக்க வேண்டிய செல்கூட கொழுப்புப் பக்கம் சாஞ்சிடும். உங்க அப்பா சுகர் மாத்திரையில பையோகிளிட்டசோன் இருக்கான்னு பாருங்க. அந்த மாத்திரை வேலை செய்யறதும் இதே சுவிட்ச்லதான். அதைச் சாப்பிடுறவங்களுக்கு எடை கூடுறது டாக்டர்களுக்கெல்லாம் தெரிஞ்ச விஷயம். வளர்ந்த ஆளுக்கு அளவு பார்த்துக் கொடுக்கிற தூண்டுதல், உறுப்பு உருவாகிட்டிருக்கிற கருவுக்கு யாரும் அளக்காம கிடைச்சா என்ன ஆகும்ங்கிறதுதான் இந்தத் துறையோட அடிப்படைக் கேள்வி. அந்த பெயின்ட்டை 2008லேர்ந்து உலகம் முழுக்க கப்பல்ல பூசக்கூடாதுன்னு தடை இருக்கு. அதுவும் எலிக்காக இல்ல, கடல் நத்தைகள்ல பொட்டைக்கு ஆண் உறுப்பு முளைக்க ஆரம்பிச்சதால.

எலியை விடுங்க, மனுசனுக்கு வருவோம். நியூயார்க்ல கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரங்க மன்ஹாட்டன் வடக்குப் பகுதியிலயும் பிராங்ஸ்லயும் இருந்த கர்ப்பிணிகளோட முதுகுல காத்து அளக்கிற கருவி வச்ச ஒரு பையை ரெண்டு நாள் மாட்டிவிட்டாங்க. சிகரெட் பிடிக்காத பெண்கள் மட்டும். டீசல், நிலக்கரி, குப்பைன்னு எது எரிஞ்சாலும் வர்ற பிஏஹெச் வகை நச்சை யார் அதிகம் சுவாசிச்சாங்கன்னு பார்த்தாங்க. அதிகம் சுவாசிச்ச தாய்மாரோட பிள்ளைகளுக்கு 7 வயசுல உடல்பருமன் வர்ற வாய்ப்பு, குறைவா சுவாசிச்சவங்க பிள்ளைகளைப்போல 2 மடங்குக்கும் மேல இருந்தது. 2012ல வெளியாச்சு. ஒரே ஊர், சில நூறு பிள்ளைகள்தான், அதை மறந்துடக் கூடாது. ஆனா உங்க தெருமுனைக் குப்பைப் புகையிலயும், உங்க அம்மா அடுப்புலயும், உங்க வீட்டுக்காரர் சிகரெட் பிடிக்கிறவரா இருந்தா அதுலயும் இருக்கிறது இதே சரக்குதான்.

புகை உள்ள போகுமா, நஞ்சுக்கொடி தடுத்துடாதான்னு எங்கிட்ட படிக்கிற பிள்ளைங்க கேப்பாங்க. பெல்ஜியத்துல ஹாசெல்ட் பல்கலைக்கழகம் 2019ல நஞ்சுக்கொடியை ஆராய்ஞ்சப்போ, பிள்ளை பக்கம் இருக்கிற திசுவுலயே கரித்துகள் கிடந்தது. பார்த்த எல்லா நஞ்சுக்கொடியிலும். 2022ல கருவோட ஈரல், நுரையீரல், மூளையிலகூட அதைக் காட்டிட்டாங்க.

இப்போ நம்ம ஊர். இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவுல கல்பனா பாலகிருஷ்ணன் குழு, தமிழ்நாட்டுல 1285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2018ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க. காத்துல நுண்தூசு, அதாவது பிஎம் 2.5, ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினா பிறப்பு எடை சராசரியா 4 கிராம் குறையுது. நாலே கிராம்! படிக்கிறவங்க "இதுக்கா இவ்வளவு"ன்னு சிரிப்பாங்க.

அப்புறம் ஹேப்பின் (HAPIN)ங்கிற பேர்ல ஒரு பெரிய சோதனை. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, அப்புறம் இந்தியாவுல நம்ம தமிழ்நாடு. இங்க எடுத்தது நாகப்பட்டினமும் பழைய விழுப்புரம் மாவட்டமும், அதாவது உங்க ஊர், என் ஊர் பக்கம். கிட்டத்தட்ட 3200 கர்ப்பிணிகளை ரெண்டு பங்காப் பிரிச்சு, ஒரு பங்குக்கு கேஸ் அடுப்பும் 18 மாசத்துக்குச் சிலிண்டரும் இலவசமா வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாங்க. மத்தவங்க வழக்கம்போல விறகுல சமைச்சாங்க. விறகு வீட்டு அம்மாக்கள் சுவாசிச்ச நுண்தூசு 71 மைக்ரோகிராம் சுமார், கேஸ் வீட்டு அம்மாக்கள் 24. மூணுல ரெண்டு பங்கு புகை போயிடுச்சு. பிள்ளைகளோட சராசரி எடை? 2898 கிராம், 2921 கிராம். வித்தியாசம் 23 கிராம், அதுவும் தற்செயலா வந்திருக்கலாம்னு தள்ளிவிடுற அளவு. 2022ல முடிவு வந்தப்போ எங்க ஸ்டாப் ரூம்ல ஒருத்தர், "பார்த்தீங்களா, புகையால ஒண்ணும் இல்ல"ன்னாரு.

நான் ஒத்துக்கல. கணக்குப் போட்டுப் பாருங்க. 10க்கு 4 கிராம்னா, 47 குறைஞ்சா 19 கிராம் கூடணும். கிடைச்சது 23. ரெண்டு ஆய்வும் ஒண்ணை ஒண்ணு மறுக்கல, ஒரே பக்கம்தான் கை காட்டுது. அதோட இன்னொண்ணு, அந்தப் பெண்களுக்கு அடுப்பு கிடைச்சதே 9 வாரத்துலயிருந்து 20 வாரத்துக்குள்ள. அதுக்கு முந்தி பட்ட புகையை யாரும் திருப்பி எடுக்க முடியாது. 24ங்கிறதும் சுத்தமான காத்து கிடையாது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டு சராசரி 5க்கு மேல போகக்கூடாதுங்குது, நம்ம அரசாங்கம் 40 வரைக்கும் விடுது.

இதைவிடப் பெரிய விஷயம், தராசுல நிறுத்தினா பிள்ளையோட உடம்புக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது. புனே கேஇஎம் மருத்துவமனையில சித்தரஞ்சன் யாஜ்னிக் பல வருசம் முன்னாடியே இதைச் சொல்லிட்டார். புனே பக்கத்து கிராமத்துப் பிள்ளைகள் பிறக்கும்போது சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் பிள்ளைகள் 3.5 கிலோ. எடையில 800 கிராம் குறைவு. தசை குறைவு, வயித்துச் சுத்தளவு குறைவு. ஆனா முதுகுத் தோல் மடிப்பைப் பிடிச்சு அளந்தா, அதுல அவ்வளவு குறைச்சல் இல்ல. பார்க்க ஒல்லி, உள்ள கொழுப்பு. இந்தியர்களுக்கு ஏன் ஒல்லியான உடம்புலயே, சின்ன வயசுலயே சுகர் வருதுங்கிறதுக்கு இது ஒரு பெரிய துப்பு. இதுக்கு முக்கியமா சாப்பாட்டைத்தான் காரணமா பார்த்தாங்க, புகையை இல்ல. ஆனா தராசு முள்ளை மட்டும் நம்பாதீங்கங்கிறது புகைக்கும் பொருந்தும். அதனால "ஸ்கேன்ல எடை சரி, கவலையில்ல"ன்னும் சொல்ல முடியாது, "எடை குறைஞ்சா சுகர் நிச்சயம்"னும் சொல்ல முடியாது.

என் தீர்ப்பைக் கேட்டா, உங்களுக்குப் பிடிச்ச வீட்டுல இருங்க, ஆனா அடுப்பை மாத்துங்க. மணலிக் காத்தை நீங்க ஒத்தை ஆளா மாத்த முடியாது, அம்மா வீட்டு அடுப்படியை ஒரே நாள்ல மாத்தலாம். வளைகாப்புக்கு வாங்குற ஒரு பட்டுப்புடவையோட காசு, நீங்க அங்க இருக்கிற வரைக்கும் சிலிண்டருக்குப் போதும். அந்தச் சோதனையிலயும் புகை குறைஞ்சதுக்குக் காரணம் அடுப்பு மட்டும் இல்ல, சிலிண்டர் தீர்ந்துடுமேங்கிற பயம் இல்லாததுதான். வெந்நீர் அடுப்பு வேணும்னா, காத்தடிக்கிற பக்கம் பார்த்து வீட்டை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்க. பால் கவர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஓய்வு நர்ஸம்மா:

டீச்சர் சொன்னதெல்லாம் சரி. நான் கிராம சுகாதார நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ, அடுப்படி அடுப்படியா ஏறி இறங்கினவ. ஒண்ணை விட்டுட்டாங்க. கண்ணு, நீ முதல்ல பார்க்க வேண்டியது உன் சுகர். பிள்ளைக்குப் பின்னாடி சுகர் வருமான்னு கேக்குறியே, அம்மாவுக்குக் கர்ப்ப காலத்துல சுகர் ஏறிச்சுன்னா அதோட பாதிப்பு இந்த பிளாஸ்டிக்கு, தூசு எல்லாத்தையும்விட ஜாஸ்தி. அப்பாவுக்கு இருக்கு, அத்தைக்கு இருக்குங்கிற, அப்போ இன்னும் ஜாக்கிரதை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணில கரைச்சுக் குடிக்கச் சொல்லி, ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க. 140ஓ அதுக்கு மேலயோ வந்தா கர்ப்ப கால சுகர். வெறும் வயித்துல போகணும்னுகூட கட்டாயம் இல்ல. இப்படி லேசா வச்சாத்தான் கிராமத்துப் பொம்பளைங்க வருவாங்கன்னு போராடினவர் நம்ம சேஷய்யா டாக்டர். ஒரு தடவை நல்லா வந்தாலும் 24 வாரத்துலயிருந்து 28 வாரத்துக்குள்ள மறுபடி பார்க்கணும், விட்டுடாதே.

உன் வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பாரா? அதை எழுதவே இல்லையே. மொட்டை மாடியில பிடிச்சுட்டு வந்தேன், பால்கனியில பிடிச்சேன்னு சொல்ற ஆம்பளைங்களை நிறைய பார்த்திருக்கேன். சட்டையில, மூச்சுல வந்துடும்.

ஹோட்டல்ல சூடா சாம்பார், ரசம் பிளாஸ்டிக் கவர்ல கட்டிக் கொடுக்கிறதை வாங்காதீங்க. தூக்குவாளி எடுத்துட்டுப் போகச் சொல்லு.

செஞ்சிப்பொண்ணு:

டீச்சர், நர்ஸம்மா, ரொம்ப நன்றி. மொட்டை மாடி கேஸ்தான் எங்க வீட்டுலயும்! நீங்க எழுதினதை அப்படியே படிச்சுக் காட்டினேன், மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே. குறைச்சுக்கிறேன்னார், விடுறேன்னு சொல்லச் சொல்லிட்டேன்.

இன்னொரு சந்தேகம். வீடியோவுல பூச்சிமருந்து பத்தி ரொம்ப பயமுறுத்தினாங்க, பேரப்பிள்ளை வரைக்கும் போகும்னு. எங்க அப்பா கத்திரிக்காய்க்கு மருந்தடிக்கிறவர். அது எப்படிங்க பேரப்பிள்ளைக்குப் போகும்?

கல்லை டீச்சர்:

அது எங்கிருந்து வந்ததுன்னு தெரியும், சுவாரசியமான விஷயம். கலிபோர்னியாவுல ஓக்லாந்து பக்கம் 1959லேர்ந்து 1967 வரைக்கும் கர்ப்பமா இருந்த ஆயிரக்கணக்கான பெண்களோட ரத்தத்தை எடுத்து உறைய வச்சிருந்தாங்க. அப்போ டிடிடி தாராளமா தெளிச்ச காலம், அமெரிக்கா அதைத் தடை பண்ணினது 1972ல. பார்பரா கோன்ங்கிறவங்க குழு அந்த ரத்தத்துல டிடிடியை அளந்து, மகள்களைப் பார்த்து, அப்புறம் பேத்திகளையும் தேடிப் பிடிச்சாங்க. 2021ல முடிவு வந்துச்சு. பாட்டி ரத்தத்துல ஒரு வகை டிடிடி அதிகம் இருந்தா, பேத்திகளுக்கு இளம் வயசுல உடல்பருமன் அதிகம், சீக்கிரமே வயசுக்கு வர்றதும் அதிகம். பருமன் சங்கதி, குண்டா இல்லாத பாட்டிகளோட பேத்திகள்கிட்ட தெளிவா தெரிஞ்சது.

எப்படிப் போகும்னு கேட்டீங்க. பெண் பிள்ளை வயித்துல இருக்கும்போதே அதோட சூலகத்துல முட்டைகள் எல்லாம் உருவாகிடும், பிறந்த பிறகு புதுசா உண்டாகாது. ஆக உங்க வயித்துல இருக்கிறது பொண்ணா இருந்தா, அவ பின்னாடி பெறப் போற பிள்ளைக்கான முட்டை இப்பவே உங்களுக்குள்ள இருக்கு. உங்களுக்குப் படுறது மூணு தலைமுறைக்கும் ஒரே நேரத்துல படுது. மந்திரம் ஒண்ணும் இல்ல.

ஆனா அந்தப் பாட்டிகள் ரத்தத்துல இருந்த அளவு வேற, அந்த மருந்தும் வேற. டிடிடி கொழுப்புல வருசக்கணக்கா தங்கும். இங்க விவசாயத்துக்கு அதைத் தடுத்து வெகு காலம் ஆச்சு. இப்போ அப்பா அடிக்கிற மருந்து எதுவானாலும், கலக்குற இடத்துக்கும் அடிச்ச வயலுக்கும் நீங்க போகாதீங்க. அவர் போட்டிருந்த சட்டை வேட்டியை நீங்க துவைக்காதீங்க, அவரையே தனியா அலசிப் போடச் சொல்லுங்க. காலி டப்பாவுல தண்ணி பிடிக்கிற பழக்கம் இருந்தா நிறுத்தச் சொல்லுங்க.

பிளாஸ்டிக் விஷயத்துல மனுசங்ககிட்ட செஞ்ச ஆய்வுகள் ஒண்ணு ஆமாங்குது, ஒண்ணு இல்லங்குது. குழந்தைப் பால் பாட்டில்ல பிஸ்பினால் ஏ இருக்கக்கூடாதுன்னு ஐரோப்பா 2011லயே தடுத்துடுச்சு, அது நல்ல எச்சரிக்கை. சூடானதை பிளாஸ்டிக்ல போடாதீங்கன்னு நர்ஸம்மா சொன்னது போதும். தண்ணிக்குடத்தை மாத்து, பருப்பு டப்பாவை மாத்துன்னு ஆயிரக்கணக்குல செலவு பண்ண வைக்கிறவங்க பேச்சைக் கேக்காதீங்க. அந்தக் காசுக்குச் சிலிண்டர் வாங்குங்க, பருப்பு முட்டை வாங்கிச் சாப்பிடுங்க.

ஒரு கோபத்தையும் சொல்லிடறேன். இந்த வீடியோக்கள்ல பொண்ணுக்குத்தான் நூறு பத்தியம். தெருவுல குப்பை கொளுத்துறவனுக்கும், ராத்திரியில புகை விடுறவனுக்கும் ஒரு வரி கிடையாது. நாளைக்கு உங்க பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா "நீ அப்பவே கேக்கல"ன்னு யாராவது சொன்னா, 4 கிராம் கணக்கை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. ஒருத்தருக்கு வெச்சுப் பார்த்தா அது சின்னது, உங்க ஒருத்தரோட நடத்தையால பிள்ளையோட விதி எழுதப்படல. லட்சக்கணக்கான பிரசவம் நடக்கிற மாநிலத்துக்கு வெச்சுப் பார்த்தாத்தான் அது பெருசு, அங்க அதைச் சரி பண்ண வேண்டியது அரசாங்கம்.

ராயபுரம் ராஜா:

டீச்சர், நீங்க கேட்டதுக்காக அம்மாகிட்ட விசாரிச்சேன். ஏழுல ஒருத்தர் இல்ல. மீதி ஆறுல அஞ்சு பேருக்கு சுகர். ஆனா அதுக்கு விறகடுப்புதான் காரணம்னு நான் ஒத்துக்க மாட்டேன். ரேஷன் அரிசியும் பரோட்டாவும் எங்க போச்சு?

கல்லை டீச்சர்:

நானும் விறகடுப்பு மட்டும்னு சொல்லல தம்பி. பரோட்டாவுக்கும் பங்கு உண்டு. போய் உங்க சுகரையும் பார்த்துட்டு வாங்க.

செஞ்சிப்பொண்ணு:

முடிவு பண்ணிட்டோம். ஏழாம் மாசம்தான் போறேன், அதுக்குள்ள அண்ணன் ரெண்டாவது சிலிண்டர் பதிஞ்சு வச்சிடுறேன்னு சொல்லிடுச்சு. அம்மாதான் "விறகுல ஆக்கின சோத்து ருசி வருமா"ன்னு முணுமுணுக்குறாங்க. நர்ஸம்மா, அந்த குளுக்கோஸ் டெஸ்டை இங்கேயே எடுத்துட்டுப் போகட்டுமா, அங்க போயி எடுக்கட்டுமா?

ஓய்வு நர்ஸம்மா:

இங்கேயே எடுத்துடு கண்ணு. நீ ஏழாம் மாசம் கிளம்புறதுக்குள்ள 24 வாரம் தாண்டிடும், வளைகாப்பு அலைச்சல்ல தேதி தள்ளிப் போயிடப் போகுது. ரிசல்ட்டு, ஸ்கேன், தடுப்பூசி போட்ட அட்டை எல்லாத்தையும் ஒரே பைல்ல போட்டு எடுத்துக்கோ. கர்ப்பத்தைப் பதிவு பண்ணினப்போ கொடுத்த பிக்மி நம்பரை மறந்துடாதே, அது இல்லன்னா அங்க பிரசவம் ஆனதும் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். ஊருக்குப் போனதும் அந்த ஊர் நர்ஸ்கிட்ட நீ வந்திருக்கிறதைச் சொல்லிடு.